கேட்காமல் வெளியே அனுப்பாதீர்கள்: டெஸ்க்டாப் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

டெஸ்க்டாப் பராமரிப்புக் குழுவினருக்கு,

உங்கள் டெஸ்க்டாப்பின், அதாவது கணினித் திரையில் மெனு, சாளரம் எல்லாவற்றையும் காட்டும் உங்கள் கட்டற்ற மென்பொருளின், மெனுவில் இருக்கும் தேடல் பெட்டியோடு இணையத் தேடலையும் இணைத்து, அடுத்த பதிப்பிலிருந்து அது எல்லோருக்கும் தானாகவே இயங்கும்படி வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். எதிர்ப்பு வந்தபோது நீங்கள் சொன்ன பதில் இது: தனியுரிமை பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கிறது, எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது, வேண்டாதவர்கள் அமைப்புகளுக்குப் போய் அணைத்துக்கொள்ளட்டும். சோதனைப் பதிப்பை என் கணினியில் நிறுவிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஆளுக்கொரு கருத்து இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அதை வைத்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவைத்தான் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவ அறிக்கை, நீதிமன்ற மனு, பத்திரம், உயில் என்று என் கணினியில் இருப்பதெல்லாம் பிறர் விவகாரம். அந்தக் கோப்புகளைத் திறக்கவே வேண்டாம், பெயரைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். முதலில் ஆளின் பெயர், அப்புறம் நோயோ வழக்கோ, கடைசியில் தேதி. வேறு மாதிரி பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து எனக்கே எடுக்கத் தெரியாது. வாடிக்கையாளரின் விவரம் எதையும் மூன்றாம் ஆளுக்குப் போகவிட மாட்டேன் என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேண்டிய கோப்பை எடுக்க நான் ஃபோல்டர் ஃபோல்டராக அலைவதில்லை. மெனு விசையைத் தட்டி, பெயரின் முதல் சில எழுத்துகளை அடிப்பேன், கோப்பு வந்து நிற்கும். இந்த வசதிக்காகத்தான் உங்கள் டெஸ்க்டாப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சோதனைப் பதிப்பில் ஒரு போலிக் கோப்பை உருவாக்கி, 'கதிர் விவாகரத்து மனு' என்று பெயர் வைத்தேன். வெளியே போகும் கோரிக்கைகளைப் பிரித்துக் காட்டும் ப்ராக்ஸி என்ற இடைநிலை நிரல் ஒன்றை அதே கணினியில் ஓடவிட்டு, தேடல் பெட்டியில் பெயரை மெதுவாக அடித்தேன். நான் பயன்படுத்துவது தமிழ்99 விசைப்பலகை. அதில் 'தி' வருவதற்கு முன் 'த' வரும், 'ர்' வருவதற்கு முன் 'ர' வரும். ப்ராக்ஸியில் வரிசையாக வந்து விழுந்தவை: க, கத, கதி, கதிர, கதிர். ஒவ்வொன்றும் தனித்தனிக் கோரிக்கை. இடைவெளி விட்டு 'விவா' வரை போவதற்குள் திரை நிறைந்துவிட்டது. என்டர் விசையை நான் தொடவே இல்லை. 'கதிர்' என்று முடித்தபோதே என் வட்டிலிருந்த கோப்பு பட்டியலின் உச்சியில் வந்துவிட்டது. அதற்கு மேல் இணையத்திடம் கேட்பதற்கு எதுவும் இல்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன். அழிக்க அழிக்க மிச்சமிருந்த சொல்லும் போனது. கூடவே கணினியின் மொழி, நேர மண்டலம், அமர்வுக்கான ஓர் அடையாள எண்.

இணையத்தில் எதையாவது தேட வேண்டுமென்றால் நான் உலாவியைத் திறப்பேன். அங்கே அடிப்பது வெளியே போகும் என்று தெரிந்தேதான் அடிக்கிறேன், சொற்களையும் அதற்கேற்பப் பார்த்துப் போடுகிறேன். மெனுவில் அடிக்கும்போது அந்த எச்சரிக்கை யாருக்கும் இருக்காது, இருக்க வேண்டிய தேவையும் இதுவரை இருந்ததில்லை. அந்தப் பெட்டி கேட்பது என் வட்டை என்று நம்பித்தான் இத்தனை வருடம் அடித்துக்கொண்டிருக்கிறோம். பெட்டியின் தோற்றத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், அது பேசும் ஆளை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

இணைப்பு மறைகுறியாக்கப்பட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறீர்கள். சரி, வழியில் நிற்பவர் படிக்க முடியாது. போய்ச்சேரும் இடத்தில் இருப்பவர்? அவர் படிக்கத்தானே அனுப்புகிறீர்கள். இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியைச் சேமிக்க மாட்டோம், எல்லாம் அநாமதேயம் என்பது உங்கள் அடுத்த சமாதானம். கோப்பின் பெயரிலேயே ஓர் ஆளின் பெயரும் அவருடைய வழக்கும் இருக்கும்போது, அனுப்பியவரின் முகவரியை மட்டும் கிழித்துப் போடுவதால் யாருக்கு என்ன பாதுகாப்பு? 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவுவதாக நினைத்து, சுமார் 6,50,000 பயனர்களின் மூன்று மாதத் தேடல்களை வெளியிட்டது. ஏறக்குறைய 2 கோடி வரிகள். பெயர்களை நீக்கிவிட்டு வெறும் எண்கள்தான் போட்டிருந்தார்கள். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த மூதாட்டியைக் கண்டுபிடித்து அவரிடம் பேசியேவிட்டார்கள். அவர் தேடிய சொற்களே போதுமானதாக இருந்தன. நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகினார், தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் பிரதியெடுத்தவர்களிடம் அது இருந்தது, இன்றும் இருக்கிறது. அவையெல்லாம் மக்கள் இணையத்தில் தேடுவதாகத் தெரிந்தே தேடியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. இதே சண்டை ஏற்கெனவே ஒரு முறை முழுதாக நடந்து முடிந்திருக்கிறது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 என்ற லினக்ஸ் இயங்குதளப் பதிப்பில், அதன் யூனிட்டி டெஸ்க்டாப்பில் டேஷ் எனப்பட்ட மெனுவின் தேடல் அமேசான் பொருட்களைக் காட்டத் தொடங்கியது. கோப்பைத் தேடினாலும் சரி, செயலியைத் தேடினாலும் சரி, அடித்த சொல் உபுண்டுவை வெளியிடும் கனானிகல் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து அமேசானிடம் கேட்டுப் பொருட்களின் பட்டியல் வரும். யாராவது வாங்கினால் கனானிகலுக்குக் கமிஷன். கேட்டவர் யாரென்று அமேசானுக்குத் தெரியாது, நடுவில் நாங்கள் இருக்கிறோம் என்று உறுதி சொன்னார்கள். ஆனால் பொருட்களின் படங்கள் மட்டும் அமேசானின் சர்வரிலிருந்து நேராகவே பயனரின் கணினிக்கு வந்தன, அதுவும் மறைகுறியாக்கம் இல்லாமல். எந்த முகவரியிலிருந்து எந்தெந்தப் படங்கள் கேட்கப்பட்டன என்பது அமேசானுக்கும் தெரியும், அதே வைஃபையில் உட்கார்ந்து கவனிப்பவருக்கும் தெரியும். எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு அந்த மாதமே இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நடுவில் இருந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு கட்டியதிலும் இப்படி ஓட்டை விழும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் அப்போது கொடுத்த பதில் பிரபலமானது. எங்களை நம்பவில்லையா, உங்கள் கணினியில் எதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரமே எங்களிடம்தானே இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். உங்கள் குழுவிலும் சிலர் இதே வாதத்தை வேறு சொற்களில் வைத்திருக்கிறீர்கள். அப்டேட் அனுப்பும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுத்திருக்கிறோம், உண்மை. ஆனால் அப்டேட் உள்ளே வருவது. அதன் மூல நிரல் எல்லோர் கண்ணிலும் படுகிறது, கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது, தில்லுமுல்லு இருந்தால் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார் என்ற தைரியம் இருக்கிறது. தேடல் சொல் வெளியே போவது. உங்கள் சர்வரின் பதிவேடான லாகில் என்ன எழுதப்படுகிறது, எத்தனை நாள் இருக்கிறது, யார் திறந்து பார்க்கிறார் என்பதை வெளியிலிருந்து ஒருவரும் பார்க்க முடியாது. நிரல் திறமூலம், யாரும் படித்துப் பார்க்கலாம் என்ற பெருமை என் கணினியின் வாசலோடு முடிந்துவிடுகிறது. முதல் வகை நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் இரண்டாவதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள் என்று நீங்களாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அந்த டிசம்பரில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் உபுண்டுவை உளவு மென்பொருள் என்றே எழுதினார், அதைப் பிறருக்குப் பரிந்துரைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கனானிகலின் சமூக மேலாளர் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்றார், பிறகு அந்தச் சொல்லுக்காக மன்னிப்பும் கேட்டார். ஸ்டால்மன் பயன்படுத்திய சொல் கடுமையானதுதான். உங்களை நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கதை எப்படி முடிந்தது என்று பாருங்கள். 2016 ஏப்ரலில் வந்த உபுண்டு 16.04இல் இணையத் தேடல் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அடுத்த வருடமே யூனிட்டியையும் கைவிட்டு 17.10இல் க்னோம் என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்குப் போய்விட்டார்கள். மூன்றரை வருடம் கெட்ட பெயரைச் சுமந்துவிட்டு வந்து சேர்ந்த இடம், முதல் நாளே மக்கள் கேட்ட இடம்தான்.

பெரிய நிறுவனங்களும் இதைச் செய்யத்தான் செய்கின்றன. 2014இல் வந்த ஆப்பிள் மேக்கின் ஓஎஸ் எக்ஸ் யோசெமிட்டியில், ஸ்பாட்லைட் என்ற தேடல் பெட்டியில் அடிக்கும் சொல்லும் இருப்பிடமும் ஆப்பிளுக்குப் போவதாகச் சர்ச்சை எழுந்தது. இருப்பிடத்தை மங்கலாக்கித்தான் அனுப்புகிறோம், அடையாள எண்ணை 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம் என்று ஆப்பிள் விளக்கம் கொடுத்தது. அந்த அளவு விளக்கத்தைக்கூட உங்களிடமிருந்து இன்னும் காணோம். விண்டோஸ் 10இன் ஸ்டார்ட் மெனுவில் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் வந்து உட்கார்ந்தது, அதை முழுசாக அகற்றப் பலரும் ரெஜிஸ்ட்ரி என்ற உள்ளமைப்புப் பதிவேட்டுக்குள் தலையை விட வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் பெரிய இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் வந்த பிறகு, அந்தப் பகுதிப் பயனர்கள் மட்டும் அதை நீக்கிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழிவிட்டது. சட்டம் வந்து நின்றால்தான் அவர்கள் நகர்வார்கள் என்று தெரிந்துதான் என்னைப் போன்றவர்கள் உங்கள் பக்கம் வந்தோம்.

இப்போது அந்த ஆளுக்கொரு கருத்துக்கு வருகிறேன், உங்கள் முடிவின் அஸ்திவாரமே அதுதான் என்பதால். என் நண்பர் ஒருவர் இந்த வசதிக்காகவே அடுத்த பதிப்பை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். மெனுவிலேயே வானிலை, நாணய மாற்று, சொல்லுக்குப் பொருள், எல்லாம் ஒரே இடத்தில் வர வேண்டும் அவருக்கு. தன் தேடலை யார் பார்த்தாலும் கவலையில்லை, மறைக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்பார். அவரை நான் அப்பாவி என்றோ விவரம் தெரியாதவர் என்றோ சொல்ல மாட்டேன். அவர் கணினி, அவர் கணக்கு. மெனு விசையைத் தட்டினாலே ஆபத்து என்று பேசுகிற இன்னொரு நண்பரும் இருக்கிறார், அவரோடும் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. வீட்டில் ஒரு நோயின் பெயரைத் தேடுபவர், கணவருக்குத் தெரியாமல் வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதி வைத்திருப்பவர், செய்தி ஆதாரங்களின் பெயர்களைக் கோப்பாக வைத்திருக்கும் நிருபர், இப்படி ஒவ்வொருவருக்கும் கோடு ஒவ்வோர் இடத்தில் விழும். எது சரி என்று தீர்ப்பு சொல்லும்படி உங்களை நான் கேட்கவில்லை.

ஆனால் இயல்பிருப்பு, அதாவது பயனர் எதையும் தொடாதபோது இருக்கும் நிலை, என்று ஒன்றை வைத்துத்தான் ஆக வேண்டும். எதை வைத்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டீர்களா? அணைத்து வைத்தால், என் முதல் நண்பர் ஒரே ஒரு முறை ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய நொடியிலிருந்து அவர் கேட்டதெல்லாம் கிடைக்கும், அதுவரை அவர் இழந்தது எதுவும் இல்லை. இயங்கும்படி வைத்தால், என்னைப் போன்றவர் அந்தப் பொத்தானைக் கண்டுபிடிப்பதற்குள் போனது போனதுதான். அதை எந்த அமைப்புப் பக்கத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. கருத்து வேறுபாடு இருப்பதாக நீங்களே ஒப்புக்கொள்கிறபோது, திருத்திக்கொள்ளக்கூடிய பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நீங்கள் திருத்த முடியாத பக்கத்தில் போய் நின்றுகொண்டு அதற்கு நடுநிலை என்று பெயர் வைக்கிறீர்கள்.

ஒரு சுவிட்ச்தானே என்கிறீர்கள். அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேட, புதிதாக வருபவர் என்ன செய்வார்? மெனுவைத் திறந்து அதே பெட்டியில் 'தனியுரிமை' என்று அடிப்பார். அதுவும் வெளியே போகும். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் சோதனைப் பதிப்பில் நான் பார்த்தது அதுதான். போதாததற்கு அந்தச் சுவிட்ச் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனி. நான் என் கணக்கில் அணைத்தாலும், அதே கணினியில் புதிதாக ஒரு கணக்கைத் திறந்தால் அங்கே மறுபடி இயங்குகிறது. நிறுவாமல் யூஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் முறை. பள்ளிகளிலும் நூலகங்களிலும் பொதுக் கணினியில் உட்காருபவருக்கு அமைப்புகளைத் திறக்கவே அனுமதி இருக்காது. அவர்களின் கருத்தை எங்கே போய்ப் பதிவு செய்வது?

தனியுரிமை பற்றித் துளியும் கவலைப்படாதவருக்கும் இதில் ஒரு தொல்லை இருக்கிறது. உள்ளூர் முடிவு கண் இமைக்கும் முன் வருகிறது, இணைய முடிவு இணைப்பின் வேகத்தைப் பொறுத்துத் தாமதமாக வருகிறது. வந்ததும் பட்டியலுக்குள் நுழைந்து மற்றவற்றைக் கீழே தள்ளுகிறது. கையெழுத்துப் பிரதியைத் திறக்க என்டர் தட்டப்போன நேரத்தில் அது ஒரு வரி இறங்கி, அந்த இடத்தில் ஏதோ ஒரு கடையின் பக்கம் வந்து நிற்கிறது. வேகமாக வேலை செய்பவர்கள் விரல் பழக்கத்தில்தான் வேலை செய்கிறார்கள், திரையைப் பார்த்துப் பார்த்து இல்லை. இதைப் பிழையாகப் பதிவு செய்தவருக்கு 'வடிவமைப்பே அப்படி' என்று பதில் எழுதி மூடியிருக்கிறீர்கள்.

சம்மதம் என்று எதைச் சொல்லலாம் என்பதில் சட்டமும் இப்போது தெளிவாகிவிட்டது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில், இணையதளங்கள் பயனரின் கணினியில் வைக்கும் குக்கீ பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 25ஆவது பிரிவு, ஒரு நோக்கத்துக்குத் தேவையான தனிநபர் தரவு மட்டுமே இயல்பிருப்பில் கையாளப்பட வேண்டும் என்கிறது. என் வட்டில் இருக்கும் கோப்பைக் கண்டுபிடிக்க உங்கள் சர்வர் தேவையில்லை. வழக்குப் போடப்போகிறேன் என்று மிரட்டவில்லை. கட்டற்ற மென்பொருள் என்று சொல்லிக்கொள்பவர்கள் சட்டத்தின் குறைந்தபட்ச எல்லையைவிட ஓரடி மேலே நிற்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

கேட்டு வாங்குவதற்கு நம் உலகத்திலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் பயன்படுகின்றன என்று எண்ணும், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் திட்டம், நிறுவும்போதே நேராகக் கேட்கிறது. 'இல்லை' என்பதுதான் அங்கே முன்தேர்வு. கேடிஈ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பும் பயன்பாட்டுத் தகவலைப் பயனர் சம்மதித்தால் ஒழிய அனுப்புவதில்லை. குறைவான பேர்தான் சம்மதிப்பார்கள், எண்ணிக்கை அரைகுறையாக இருக்கும் என்று தெரிந்தேதான் அவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள்.

பணம்தான் காரணம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சர்வர் வாடகை, உருவாக்குநர் சம்பளம் எல்லாம் காற்றில் வராது என்று எங்களுக்கும் தெரியும். தேடல் நிறுவனம் ஒன்று இதற்காக உங்களுக்குத் தொகை தருகிறதா இல்லையா என்ற நேரடிக் கேள்விக்கு, 'பயனர் அனுபவத்தை வளப்படுத்தவே' என்ற அதே வரியைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். நன்கொடை கேளுங்கள், கொடுக்கிறோம். நான் ஒவ்வொரு வருடமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் கேட்பவை இவை. அடுத்த பதிப்பில் இணையத் தேடலை அணைத்த நிலையில் வெளியிடுங்கள். நிறுவும்போதோ முதல் முறை உள்நுழையும்போதோ, எது எங்கே போகும் என்பதை இரண்டு வரியில் சொல்லி, வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு பொத்தான்களையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். பதில் சொல்லாமல் கடந்துபோகிறவரை வேண்டாம் என்றவராகவே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர்களுக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் கோரிக்கை அனுப்புவதை நிறுத்துங்கள். இணையத்தில் தேடு என்று பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருக்கட்டும், அதைத் தேர்ந்தெடுத்த பிறகு சொல் போகட்டும். உள்ளூர்க் கோப்பு முடிவுகளுக்கு மேலே இணைய முடிவு எதுவும் ஏறக் கூடாது. நிர்வாகி ஒருவர் ஒரே இடத்தில் எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து அணைக்க வழி வேண்டும், ஒருமுறை அணைத்ததை எந்த அப்டேட்டும் மீண்டும் இயக்கக் கூடாது. அந்த ஆன்லைன் பகுதியைத் தனித் தொகுப்பாகப் பிரித்து, அடியோடு நீக்கிவிடவும் முடிய வேண்டும்.

சோதனைப் பதிப்பு இதுவரை அனுப்பிய சொற்கள் உங்கள் சர்வரில் எத்தனை நாள் இருக்கின்றன, யாருக்கெல்லாம் போயிருக்கின்றன, அவற்றை எப்போது அழிப்பீர்கள் என்பதையும், தேடல் நிறுவனத்தோடு பண ஏற்பாடு இருந்தால் அதன் விவரத்தையும் எழுத்தில் வெளியிடுங்கள். இவற்றுக்கான பதில், பதிப்பில் இனி மாற்றம் செய்ய முடியாது என்று நீங்கள் பூட்டுப் போடும் நாளுக்கு முன்பே வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் டெஸ்க்டாப்பில் தினமும் வேலை பார்க்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர்